வாடகை குறைந்தது, அப்புறம்?

பெரிய நகரத்தை விட்டு வேறு ஊருக்குப் போகிறோம் என்று சொன்னதிலிருந்து எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "அங்கே வாடகை எவ்வளவு?" சொன்னதும் புருவம் உயரும். "அடேயப்பா, இதுல பாதிகூட இல்லையே!" அதோடு பேச்சு முடிந்துவிடும். இத்தனை காலம் இங்கே கொடுத்த வாடகைக்கு நாங்கள் எதை வாங்கிக்கொண்டிருந்தோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கென்னவோ முதலில் கேட்க வேண்டியது அதுதான் என்று படுகிறது.

நான்கு சுவர், கூரை, குழாயில் தண்ணீர். இவற்றுக்கு ஆகும் செலவு ஊருக்கு ஊர் கொஞ்சம் கூடும், குறையும். ஆனால் மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்றெல்லாம் ஏறாது. அப்படி ஏறுவது சுவருக்கு அடியில் இருக்கும் மண். 1826-இல் ஃபான் த்யூனன் என்ற ஜெர்மன் பண்ணையார் ஒருவர், சந்தைக்குப் பக்கத்து நிலத்துக்குக் குத்தகை ஏன் அதிகம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். தூரத்தில் இருப்பவன் வண்டிக்கூலியாகக் கொடுப்பதைப் பக்கத்தில் இருப்பவன் நிலத்துக்குக் கொடுக்கிறான், அவ்வளவுதான். 1964-இல் வில்லியம் அலோன்சோ அதே கணக்கை நகரத்துக்குக் கொண்டுவந்தார். விளைச்சலுக்குப் பதில் மனிதர்கள், சந்தைக்குப் பதில் அலுவலகங்கள்.

ஆக, பெரிய நகரத்தில் மாதாமாதம் கொடுப்பது வீட்டு வாடகை மட்டும் இல்லை. அருகில் இருப்பதற்கான கட்டணமும் அதில் சேர்ந்திருக்கிறது. நாளைக்கே இந்த வேலை போனாலும் அதே துறையில் இன்னும் பல நிறுவனங்கள் உண்டு என்ற தெம்பு, அபூர்வமான வியாதிக்கும் ஒரு நிபுணர் கிடைப்பார் என்ற நம்பிக்கை, நம்மைப் போலவே கிறுக்குப் பிடித்த நாலு பேரைச் சந்திக்கும் வாய்ப்பு, எல்லாமே அந்தத் தொகைக்குள் அடக்கம். லூயி பெட்டன்கோர்ட், ஜெஃப்ரி வெஸ்ட் முதலானோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு நகரத்தின் மக்கள்தொகை இருமடங்கானால் தலைக்குக் கிடைக்கும் வருமானம் போன்றவை ஏறத்தாழ 10 முதல் 15 சதவீதம் கூடுகின்றன. அதே வேகத்தில் குற்றமும் தொற்றுநோயும் கூடும் என்பதும் அதில்தான் இருக்கிறது. ஆனால் நகரத்தைப் புகழ்பவர்கள் அந்தப் பாதியைச் சொல்வதில்லை.

அந்தக் கட்டணத்தைக் கட்டுகிறோம், சரி. பயன்படுத்துகிறோமா?

எங்கள் வீட்டில் இந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லிப் பார்த்தோம். ஆரம்ப வருடங்களில் நகரத்தைப் பிழிந்து பயன்படுத்தியிருந்தேன். வேலை மாறினேன், மறுபடியும் மாறினேன். தற்செயலாகச் சந்தித்த ஒருவர் மூலம் ஒரு புது வேலையே கிடைத்தது. அப்போது கொடுத்த வாடகை அதிகம்தான், ஆனால் வீண் இல்லை. பிறகு வேலை நிலைத்தது, குழந்தை வந்தது, சாயங்காலம் வெளியே போவது நின்றது. கடைசிச் சில ஆண்டுகளில் நகரம் என்பது எங்களுக்கு ஒரு வீடு, ஒரு அலுவலகம், இரண்டுக்கும் நடுவே நெரிசல். அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தோம் என்று பெருமை வேறு. உள்ளே போனது விருந்தினர் வந்தபோது மட்டும்.

மாறுவதற்கான தைரியத்தை எனக்குக் கொடுத்த ஆய்வு ஒன்று உண்டு. ஹோர்ஹே தெ லா ரோக்கா, தியேகோ பூகா என்ற இருவர் ஸ்பெயினின் தொழிலாளர் பதிவுகளை வைத்துச் செய்தது, 2017-இல் வெளியானது. மத்ரித், பார்சலோனா போன்ற பெரிய நகரங்களில் வேலை செய்தவர்கள் அங்கே சேர்த்த அனுபவத்துக்கு மதிப்பு அதிகம். முக்கியமான சங்கதி அடுத்து வருகிறது: அவர்கள் பிறகு சிறிய ஊருக்குப் போனாலும் அந்த மதிப்பில் பெரும்பகுதி கூடவே போகிறது. நகரத்தில் கற்றதை நகரம் பிடுங்கிக்கொள்வதில்லை. இதைப் படித்தால் இன்னொன்றும் புரியும். கற்று முடித்துவிட்டு வெளியேறுவது வேறு, கற்க வேண்டிய வயதில் வாடகைக்குப் பயந்து ஒதுங்குவது வேறு. இருபத்துச் சொச்சம் வயதில் இருப்பவர்கள் யோசனை கேட்டால், அறையைப் பகிர்ந்துகொண்டாவது இன்னும் கொஞ்ச காலம் இருங்கள் என்றுதான் சொல்வேன். துறை வீட்டிலிருந்தே செய்யக்கூடியது என்றாலும்கூட.

இனி கணக்கு. சொந்தக் கணக்கைச் சொல்லிப் பயனில்லை. அது எனக்கு மட்டுமே பொருந்தும். கைக்கு வரும் சம்பளம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய நகரத்தில் வாடகைக்கு 35, போக்குவரத்துக்கு 8, மற்ற எல்லாவற்றுக்கும் 40. மிச்சம் 17. மலிவான ஊரில் வாடகை 15 ஆகிவிட்டது. போக்குவரத்து 10 ஆனது, ஏனென்றால் அங்கே பொதுப் போக்குவரத்து குறைவு, சொந்த வண்டி இல்லாமல் முடியாது. மற்றவை 37. சம்பளம் அதே 100 என்றால் மிச்சம் 38, இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் சம்பளம் 80 ஆகிவிட்டால்? மிச்சம் 18. இத்தனை மூட்டை முடிச்சுக்கும் ஒரே ஒரு ரூபாய் லாபம்.

அதாவது வாடகை பாதிக்கும் கீழே போனதைப் பார்த்து மயங்கும்போது, சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கு போவது அதை விழுங்கிவிடும் என்பது கண்ணில் படுவதில்லை. இதற்கு மேல் இன்னொரு ஓட்டை இருக்கிறது. ஓய்வுக்காலச் சேமிப்பு சம்பளத்தின் சதவீதமாகப் பிடிக்கப்படுவதாக இருந்தால் அதுவும் சுருங்கும். அடுத்த வேலைக்குப் பேசும்போது "இப்போ என்ன வாங்குறீங்க?" என்ற கேள்விக்கு 80 என்றுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

அந்த "மற்றவை 40"ஐ நான் 37 ஆக மட்டும்தான் குறைத்தேன் என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஊர் மலிவு என்றால் எல்லாமே மலிவு என்று நினைப்பது வழக்கம். அப்படி இல்லை. மடிக்கணினி, கைபேசி, வண்டி, மருந்து, இணையத்தில் வாங்கும் சாமான், இவற்றின் விலை ஊரைப் பார்ப்பதில்லை. எங்கும் கொண்டுபோய் விற்க முடிகிற பொருளின் விலை எங்கும் ஒன்றாகவே நிற்கப் பார்க்கும். இடம்விட்டு இடம் கொண்டுபோக முடியாததுதான் மலியும்: நிலம், அப்புறம் ஆள்கூலி. முடி வெட்டுவது, குழந்தையைப் பார்த்துக்கொள்வது, குழாய் ரிப்பேர். நாடுகளுக்கு இடையே இதே வேறுபாட்டை 1964-இல் பலாஸ்ஸா, சாமுவேல்சன் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவரும் தனித்தனியாக விளக்கினார்கள். ஒரே நாட்டுக்குள் ஊருக்கு ஊரும் இதன் சாயல் தெரியும். ஆகவே செலவில் பெரும்பங்கு வாடகைக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் போகிற குடும்பத்துக்கு இந்த மாற்றம் அள்ளிக் கொடுக்கும். சொந்த வீட்டில் குடியிருந்து, சம்பாதிப்பதை எல்லாம் மின்னணுச் சாமானிலும் பயணத்திலும் கரைப்பவருக்குக் கொஞ்சம்தான் கிடைக்கும்.

சில விஷயங்களில் விலை கூடவும் செய்யும். சிறிய விமான நிலையத்திலிருந்து கிளம்பினால் நேரடி விமானம் குறைவு, டிக்கெட் அதிகம். நிபுண மருத்துவரைப் பார்க்கப் பழைய நகரத்துக்கே போக வேண்டியிருக்கலாம். அந்தப் பயணமும் தங்கும் செலவும் யாருடைய பட்டியலிலும் இருப்பதில்லை. அமெரிக்காவில் அண்டைப்புறத் தொழில்நுட்ப மையம் என்ற அமைப்பு, வாடகையைத் தனியாகப் பார்க்காதீர்கள், போக்குவரத்தையும் சேர்த்துப் பாருங்கள் என்று வெகுகாலமாகச் சொல்லிவருகிறது. இரண்டும் சேர்ந்து வருமானத்தில் 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அவர்கள் வைத்திருக்கும் அளவு. வாடகை 30 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்று எல்லோரும் வேதம் போல ஓதுகிறோமே, அது அமெரிக்க அரசுக் குடியிருப்புகளுக்குப் போட்ட விதியிலிருந்து பரவியது. 1969-இல் 25 சதவீதமாக இருந்ததை 1981-இல் 30 ஆக்கினார்கள். எந்த ஊருக்கும் எந்தக் குடும்பத்துக்கும் அதைப் பொருத்திப் பார்ப்பது நம் சோம்பேறித்தனம்.

சரி, சம்பளத்தைக் குறைக்காமல் வேலையையும் கையோடு கொண்டுபோக முடிந்தால்? 2020-க்குப் பிறகு நிறையப் பேர் அந்தக் கனவில் கிளம்பினார்கள். ஆனால் 2020 மே மாதமே ஃபேஸ்புக் தெளிவாகச் சொல்லிவிட்டது: வீட்டிலிருந்து வேலை செய்யலாம், எந்த ஊரிலிருந்து செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்துச் சம்பளம் மாறும். வேறு பல நிறுவனங்களும் அதே வழியில் போயின. செய்கிற வேலைக்குத்தானே சம்பளம், உட்காருகிற இடத்துக்கா என்று நமக்குக் கோபம் வரும். நிறுவனத்தின் பார்வையில் உங்களை இழுத்துக்கொள்ள இன்னொருவர் எவ்வளவு கொடுப்பார் என்பதுதான் உங்கள் விலை. ஆகவே மாறுவதற்கு முன் வாய்மொழியாக அல்ல, எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை இரண்டு: ஊர் மாறினால் சம்பளம் மாறுமா, பிறகு அலுவலகத்துக்குத் திரும்பி வரச் சொன்னால் என்ன செய்வது. மேலாளர் நல்லவர்தான். அவரே அடுத்த வருடம் வேறு நிறுவனத்துக்குப் போய்விடுவார்.

எங்கள் வீட்டில் என் வேலை பிரச்சினை இல்லை. என் மனைவியுடையதுதான் சிக்கல். அவள் வேலை செய்யும் துறையில் புது ஊரில் உள்ள நிறுவனங்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். டோரா கோஸ்டா, மேத்யூ கான் இருவரும் 2000-இல் எழுதியது இதைப் பற்றித்தான்: கணவன் மனைவி இருவருமே நன்றாகப் படித்தவர்களாக இருந்தால் அவர்கள் பெரிய நகரங்களில் குவிகிறார்கள், இரண்டு வேலையும் ஒரே இடத்தில் கிடைக்க அதுதான் வழி என்பதால். ஊர் மாறும் பேச்சு எங்கே நடந்தாலும் இந்தப் பாரம் யார் தலையில் விழுகிறது என்று பாருங்கள். ஒருவர் வேலைக்காக மாறுவார்கள். மற்றவர் "ஏதாவது பார்த்துக்கலாம்" என்ற வாக்கியத்தோடு பின்னால் வருவார். அந்த மற்றவர் பெரும்பாலும் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

"எனக்கு வேலை கிடைச்ச பிறகுதான் பெட்டி கட்டறது," என்று அவள் முதலிலேயே சொல்லிவிட்டாள். அதனால் நாங்கள் நினைத்ததைவிட வெகு தாமதமாகத்தான் கிளம்பினோம். இடையில் கொடுத்த வாடகையைக் கூட்டிப் பார்த்து நான் பெருமூச்சு விட்டதுண்டு. ஆனால் மேலே போட்ட கணக்கில் ஒருவர் சம்பளமே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்ததும் அந்தப் பெருமூச்சு நின்றது.

எந்த ஊர் என்று தேடும்போது, அந்த ஊர் ஏன் மலிவாக இருக்கிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது. மலிவில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, ஆட்கள் போய்விட்டதால் வந்த மலிவு. அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் 1950-இல் 18 லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 6.4 லட்சம் கூட இல்லை. மனிதர்கள் போய்விடுவார்கள், வீடுகள் அங்கேயே நிற்கும். அதனால் அப்படிப்பட்ட ஊர்களில் ஒரு வீட்டைக் கட்ட ஆகும் செலவைவிட அதன் விலை கீழே போய்விடுவதுண்டு என்று கிளேசர், ஜியோர்கோ என்ற பொருளாதார அறிஞர்கள் 2005-இல் விளக்கினார்கள். இன்னொன்று, தேவைக்கேற்ப வீடு கட்டிக்கொண்டே இருப்பதால் வரும் மலிவு. அமெரிக்காவின் ஹூஸ்டனில், எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்று பிரித்து வைக்கும் வழக்கமான நில வகைப்பாட்டுச் சட்டமே கிடையாது. ஆட்கள் வர வர வீடுகளும் எழும்பும். வாடகைச் சீட்டில் இரண்டு மலிவும் ஒன்று போலத் தெரியும். வேலை தேடும்போதும், வாங்கிய வீட்டை விற்கும்போதும்தான் வேறுபாடு தெரியும். நாங்கள் தேடியது இரண்டாவது வகை. கட்டுமானச் சத்தமும் தூசியும் இருந்த தெருக்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது அந்த ஊரில் நாங்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன்.

வாடகை நிலவரம் பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு ஊரின் சராசரி வாடகை என்று வெளிவரும் எண்களில் பல, ஏற்கெனவே அங்கே பல வருடமாகக் குடியிருப்பவர்களையும் சேர்த்து எடுக்கப்பட்டவை. அவர்கள் பழைய வாடகையில் இருப்பார்கள். புதிதாகப் போய்க் கதவைத் தட்டுகிறவருக்குச் சொல்லப்படும் வாடகை அதைவிட அதிகமாகவே இருக்கும். அதேபோல உங்கள் பழைய வீட்டிலும் நீங்கள் பழைய வாடகையில் இருந்திருக்கலாம். விட்டுவிட்டால் அதே விலைக்குத் திரும்பக் கிடைக்காது. ஆக, நம் பழைய வாடகையையும் அங்கே இன்று கேட்கும் வாடகையையும் ஒப்பிட வேண்டும். திரும்பி வர நேர்ந்தால் இங்கே இன்று கேட்கும் வாடகை என்ன என்பதையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். இந்த மூன்றாவது எண்ணைப் பலரும் எழுதுவதில்லை. சொந்த வீட்டை விற்றுவிட்டுப் போகிறவர்களுக்கு அதுதான் இருப்பதிலேயே பெரிய எண். முடிந்தால் விற்காமல் வாடகைக்கு விட்டுப் போங்கள், புது ஊரில் போன உடனே வாங்காதீர்கள். இதற்கு மேல் வீடு வாங்குவது பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

வெளியேறுவது ஏதோ நம் தலைமுறையின் புதுப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். 1885-இல் ராவன்ஸ்டைன் என்ற புவியியலாளர் இடப்பெயர்வின் விதிகள் என்று சில எழுதினார். ஒவ்வொரு பெரிய இடப்பெயர்வு அலைக்கும் எதிர்த்திசையில் ஓர் அலை உண்டு என்பது அவற்றில் ஒன்று. இன்று சில அரசுகள் அந்த எதிர் அலைக்குக் காசு கொடுக்கின்றன. ஜப்பான் 2019-இலிருந்து, டோக்கியோவின் 23 வட்டாரங்களை விட்டு வெளி மாவட்டங்களுக்குக் குடிபோகும் குடும்பத்துக்கு 10 லட்சம் யென் வரை தருகிறது. 2023-இல் குழந்தைக்குத் தரும் கூடுதல் தொகையையும் தலைக்கு 10 லட்சம் யென் வரை ஏற்றியது. அமெரிக்காவின் டல்சா நகரில் 2018-இல் ஓர் அறக்கட்டளை, வெளியூர் வேலையைக் கையோடு கொண்டுவருபவர்களுக்கு 10,000 டாலர் தரும் திட்டத்தைத் தொடங்கியது. இவற்றைப் பார்க்கும்போது எனக்கு முதலில் தோன்றுவது, எவ்வளவு காசு கொடுத்தால் ஒருவர் தன் சிநேகிதர்களை விட்டு வருவார் என்ற கேள்விதான்.

ஏனென்றால் கணக்கில் வராத பெரிய செலவு அது. 1962-இல் லாரி ஷாஸ்டாட் இடப்பெயர்வின் செலவுகளைப் பட்டியலிட்டபோது, பழகிய சூழலையும் உறவையும் நட்பையும் பிரிவதை மனச்செலவு என்று தனியாகக் குறித்தார். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் அதற்குக் கிட்டத்தட்ட ஒரு விலைப்பட்டியலே போட்டிருக்கிறார்: அறிமுகமானவர் ஓரளவு நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும், நண்பராக 90, நெருங்கிய நண்பராக 200-க்கும் மேல். நடுத்தர வயதில், சின்னக் குழந்தையோடு, 200 மணி நேரத்துக்கு எங்கே போவது? சும்மா ஒரு பேச்சுக்கு வாரம் இரண்டு மணி நேரம் என்று வையுங்கள், இரண்டு வருடம் ஆகிவிடும். முதல் வருடம் வார இறுதிகள் நீளமாக இருந்தன. பழைய நண்பர் ஒருவர் தொலைபேசியில், "என்னப்பா, ரிட்டயர் ஆயிட்டியா?" என்று கேட்டுச் சிரித்தார். அதில் சிரிக்க எனக்குக் கொஞ்ச நாள் ஆனது.

பதிலுக்குக் கிடைத்தது நேரம். வேலைக்குப் போய்வரும் நேரம் நீள நீள வாழ்க்கைத் திருப்தி குறைகிறது என்று ஜெர்மனியின் தரவுகளைக் கொண்டு ஸ்டுட்ஸர், ஃப்ரை இருவரும் காட்டியிருக்கிறார்கள். நீண்ட பயணத்துக்கு ஈடாக நல்ல வீடோ நல்ல சம்பளமோ கிடைத்திருக்க வேண்டும், ஆனால் மனக்கணக்கில் அது ஈடாகவில்லை. என் அனுபவமும் அதுவே. வங்கியில் கூடிய தொகையைவிட, இருட்டுவதற்கு முன் வீட்டில் இருப்பதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. மாற்றத்தின் லாபத்தைப் பணத்தில் மட்டும் பார்த்திருந்தால் சுமார் என்றுதான் சொல்லியிருப்பேன்.

கடைசியாக, நாங்கள் வந்ததால் இங்கே ஏற்கெனவே இருப்பவர்களுக்கு என்ன ஆகிறது என்ற விஷயம். பெருந்தொற்றுக் காலத்தில் அமெரிக்காவின் பாய்சி நகருக்கு விலை அதிகமான ஊர்களிலிருந்து ஆட்கள் குவிந்தார்கள். வீட்டு விலை எகிறி, உள்ளூர்ச் சம்பளக்காரர்களுக்கு எட்டாமல் போனது. பக்கத்து வீட்டுக்காரர் இதை எந்தச் செய்தியிலும் படிக்கவில்லை, ஆனால் விஷயம் தெரிந்தவர். "நீங்கல்லாம் கேட்ட வாடகையைக் கொடுத்துடறீங்க சார். அடுத்த மாசம் ஓனர் எங்ககிட்டயும் அதையே கேக்கறாரு," என்றார் ஒரு நாள், கோபமில்லாமல். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரத்தின் கதையைச் சொன்னேன். அங்கேயும் 2021, 2022-இல் வாடகை தாறுமாறாக ஏறியது; பிறகு ஏராளமான அடுக்குமாடிகள் கட்டி முடிக்கப்பட்டதும் இறங்கியது.

"அது சரி, அங்க கட்டினாங்க. இங்க கட்டி முடிக்கிற வரைக்கும் நான் எங்க இருக்கறது?" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது, அவர் என்ன கொடுக்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, உரிமையாளரிடம் அந்தத் தொகையிலிருந்து பேச ஆரம்பித்தேன். கொஞ்சம் முறைத்தார். பிறகு இரண்டு பேருக்கும் நடுவே ஒரு தொகையில் வந்து நின்றோம்; பக்கத்து வீட்டுக்கும் அதே தொகைதான் என்று அவரே சொன்னார்.